ஒன்றரைப் பக்கப் பாராட்டும் ஒரு தாழ்ப்பாளும்

கடிகாரத்தில் ஒரு கண்ணும் என் வாயில் ஒரு கண்ணுமாக அவையின் நடுவில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, கோப்புகளை மூடி வைத்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்க்க வந்திருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, முதல் மணி அடிக்கும் முன்பே வாசலில் வந்து நிற்கும் வழக்கமுடைய தலைமையாசிரியை அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, வேலை செய்யும் இடத்தில் உண்மையைச் சொல்லிப் பாதிநாள் விடுப்பும், உண்மை எடுபடாத இடத்தில் தலைவலியைச் சொல்லிப் பாதிநாள் விடுப்பும் வாங்கி வந்திருக்கும் தந்தையரே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் பெரியோர்களே, உங்கள் அனைவரின் பாதங்களுக்கும் என் பணிவான வணக்கம்.

பெற்றோர் தங்கள் பாராட்டையும் குறையையும் மாவட்டக் கல்வி அலுவலகத்திற்கு எடுத்துரைப்பது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இந்தத் தலைப்பில் பேச என்னைவிடத் தகுதியானவர் இந்த ஊரில் இல்லை. ஏன் தெரியுமா? எப்படி எடுத்துரைக்கக் கூடாதோ அப்படியெல்லாம் இருபத்தாறு ஆண்டுகள் எடுத்துரைத்தவன் நான். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் சற்று நேரத்தில் நானே சிரிக்க முடியாத இடத்திற்கு வரப்போகிறேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். கல்வி அலுவலகத்தின் எதிர்ச்சாரியில், குடைக்கடைக்கும் சாவி செய்பவருக்கும் இடையில், ஒரு மடக்கு மேசை, இரண்டு முக்காலி. மனு எழுதிக் கொடுக்கிறேன். என் பெயர் பலருக்குத் தெரியாது. அடைமொழி ஐயா என்றால் தபால்காரர் நேராக என் மேசைக்கு வந்துவிடுவார். காரணம், வெறும் அலுவலர் என்று நான் எழுதியதே கிடையாது. மாண்பும் மாட்சியும் மிக்க அலுவலர் என்றுதான் எழுதுவேன். வெறும் பள்ளி என்று எழுதினால் என் பேனாவுக்குப் பசி ஆறாது. கலை வளர்க்கும், கருத்து வளர்க்கும், கனிவோடு கண்மணிகளை வளர்க்கும் பள்ளி என்று எழுதினால்தான் மை சீராக இறங்கும்.

இந்த ஊர்ப் பெற்றோர்களாகிய நமக்கு ஒரு பழக்கம் உண்டு. பள்ளியில் ஒரு குறை என்றால் நாம் அதை நேராகச் சொல்லுவோமா? சொல்ல மாட்டோம். ஆசிரியர் மனம் நோகுமே என்ற அச்சம் ஒரு பக்கம், அந்த நோவு நம் பிள்ளையின் தலையில் விடியுமே என்ற அச்சம் மறுபக்கம். ஆகவே ஒன்றரைப் பக்கம் பாராட்டுவோம். பள்ளியைப் பாராட்டுவோம், பள்ளியின் மரங்களைப் பாராட்டுவோம், மரத்தில் உட்காரும் பறவைகளையும் விட்டுவைக்க மாட்டோம். அப்புறம், கையெழுத்துக்கு மேலே, இடம் மிச்சமிருந்தால், மேலும் ஒரு சிறு விண்ணப்பம் என்று தொடங்கி ஒரே வரியில் குறையை வைப்போம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் இந்தக் கலையில் நீங்கள் எல்லாம் கைதேர்ந்தவர்கள். அந்தக் கலைக்குச் சோறு வடித்துக் கொடுத்தவன் நான்.

போன ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். சொல்வதற்கு முன் ஒன்று. இது கழிப்பறையைப் பற்றிய கதை. முன்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமுகிறார். ஐயா, மேடையில் பேசத் தகாத பொருள் என்று நினைக்கிறீர்கள். அப்படி நாம் எல்லோரும் நினைத்ததால்தான் ஒரு பிள்ளை பன்னிரண்டு நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அந்தப் பிள்ளையிடமும் அவள் தாயிடமும் கேட்டு, சரி என்று சொன்ன பிறகே இதைப் பேசுகிறேன்.

இந்தப் பள்ளியின் மேற்குக் கட்டடத்தில் பெண்பிள்ளைகளின் கழிப்பறை. நான்கு கதவுகள். நான்கிலும் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இடைவேளை பத்து நிமிடம். பிள்ளைகளோ இருநூறு பேர். காவலுக்கு நிற்கும் பிள்ளை எப்போது போவாள்? யாராவது வந்து கதவைத் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டு ஓடினால் உள்ளே இருப்பவள் யாரிடம் சொல்லுவாள்? பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து மாலையில் வீடு திரும்பும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே இருநூறு பிள்ளைகள் கற்றுக்கொண்ட பாடம் அது.

என்ன கேட்கிறீர்கள்? ஒரு தாழ்ப்பாள் வாங்கித் திருகினால் ஆகாதா என்றா? நல்ல கேள்வி, அண்ணா. தலைமையாசிரியை இரண்டு முறை வாங்கித் திருகினார்கள். மூன்றாம் நாள் தாழ்ப்பாள் ஒரு பிள்ளையின் கையோடு வந்துவிட்டது. மரம் ஈரத்தில் ஊறி ஊறி உளுத்துப் போயிருந்தது. திருகாணி எங்கே நிற்கும்? கதவையே மாற்ற வேண்டும். கதவு மாற்றுவது மாவட்ட அலுவலகத்தின் மரவேலைப் பிரிவு. அவர்களுக்குத் தலைமையாசிரியை மூன்று முறை எழுதினார்கள். மூன்று முறையும் ஒரே பதில் வந்தது: பெற்றோரிடமிருந்து குறை பதிவான பள்ளிகளுக்கே முன்னுரிமை, தங்கள் பள்ளியைப் பற்றி ஒரு குறையும் பதிவாகவில்லை.

பதிவாகவில்லையா? நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், அந்த மூன்று மாதத்தில் அந்தக் கதவுகளைப் பற்றிப் பதினொரு பெற்றோருக்கு நானே என் கையால் எழுதிக் கொடுத்தேன். பதினொன்றும் போய்ச் சேர்ந்தன. ஒன்றும் காணாமல் போகவில்லை.

அலுவலகத்தில் கடிதங்களைப் பிரிக்கும் எழுத்தர் ஒருவர் இருக்கிறார். முத்திரை அம்மா என்று அங்கே செல்லமாக அழைப்பார்கள். நாளொன்றுக்கு நூறு கடிதம் வரும். முதல் பத்தியைப் படித்துப் பிரிக்க வேண்டும் என்பது அவருக்குத் தரப்பட்ட விதி. பாராட்டு என்றால் பச்சை முத்திரை, குறை என்றால் சிவப்பு முத்திரை. சிவப்பு விழுந்த கடிதத்திற்குப் பத்து நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பச்சை விழுந்தது கட்டாகக் கட்டப்பட்டு விழாவுக்குப் போகும். என் கடிதத்தின் முதல் பத்தி எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? பதினொன்றிலும் பச்சை.

அதோடு போயிற்றா? அந்த ஆண்டு மாவட்டத்திலேயே அதிகப் பாராட்டுப் பெற்ற பள்ளி எது தெரியுமா? இதுதான். கேடயம் கொடுத்தார்கள். இதே மண்டபத்தில், இதே மேடையில் விழா. பாராட்டுரை வழங்கியவன் யார்? அதுவும் நான்தான். என் கடிதங்களில் ஒன்றை எடுத்து முதல் பக்கத்தை மட்டும் உரக்கப் படித்தார்கள். ஆகா, என்ன நடை, என்ன நயம் என்று அவை தலையாட்டியது. நானும் கைதட்டினேன். நான் எழுதியதற்கு நானே கைதட்டிய அந்த நேரத்தில், இந்த மண்டபத்துக்கு நூறு அடி தள்ளி, ஒரு பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

விழா முடிந்த மறுவாரம் என் மேசைக்கு ஒரு பெண்மணி வந்தார். பேருந்து நிலையத்தின் பின்புறத் தெருவில் மருந்துக் கடையில் வேலை. மருத்துவர் கிறுக்கியதைப் படித்து, மாத்திரைகளை எண்ணிக் காகிதக் கவரில் போட்டு, கவரின் மேல் காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகு என்று எழுதிக் கொடுப்பவர். மருந்துக்கடை அக்கா என்றே வைத்துக்கொள்வோம். அவர் பெயரை மேடையில் சொல்லாதே என்று எனக்கு உத்தரவு. அவர் மகள் இங்கே ஏழாம் வகுப்பு. சிறுநீர்த் தொற்று, கடுங்காய்ச்சல், அடிவயிற்று வலி. அதைவிடக் கொடுமை என்னவென்றால், காய்ச்சல் இறங்கிய பிறகும் அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போக மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதே வகுப்பில் இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே வீட்டிலிருந்தே படிக்கிறோம் என்று நின்றுவிட்டார்கள். வீட்டிலிருந்து படிப்பது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். தன் மகள் மூன்றாவதாகிவிடுவாளோ என்பதுதான் அந்தத் தாயின் பயம்.

அவர் எடுத்த எடுப்பில் என்னிடம் வரவில்லை. முதலில் வகுப்பாசிரியையிடம் போய்ச் சொன்னார். அவர் கண்கலங்கித் தலைமையாசிரியையிடம் அழைத்துப் போனார். தலைமையாசிரியை அந்த மூன்று பதில் கடிதங்களையும் எடுத்து முன்னால் வைத்து, நான் சொன்னால் நகரவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்றார்கள். எவ்வளவு பெரிய மனம் பாருங்கள். தன் பள்ளியின் மேல் குறை எழுதச் சொல்லி ஒரு தாயிடம் தலைமையாசிரியையே கேட்பது எத்தனை பள்ளிகளில் நடக்கும்? தட்டுங்கள், அதற்குத் தட்டுங்கள். கேடயத்துக்குத் தட்டியதைவிட இதற்குப் பலமாகத் தட்ட வேண்டும்.

மருந்துக்கடை அக்கா சொன்னதை எல்லாம் கேட்டு, நானும் உருகி, உருகிய வேகத்தில் வழக்கம்போல எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியவற்றிலேயே அழகான கடிதம் அது. படித்துக் காட்டினேன். சாவி செய்பவர்கூட அரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். அக்கா மட்டும் அசையவில்லை. கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, இதுல என் பொண்ணு எங்க வர்றா?"

கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினேன்.

"அவ பன்னிரண்டு நாளா படுத்திருக்கா. அவளை ஏன் கடைசில நிக்க வெச்சிருக்கீங்க?"

இருபத்தாறு ஆண்டில் எவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நான் விளக்கினேன். அம்மா, இது முறை, இது மரியாதை, முதலில் மனத்தைக் குளிர்வித்து அப்புறம் குறையை மெல்ல நுழைக்க வேண்டும் என்று என் தொழில் ரகசியம் முழுவதையும் கொட்டினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "மருந்துக் கவர் மேல நான் எங்க கடையோட பெருமையெல்லாம் எழுதிட்டு, கடைசில பொடி எழுத்துல காலைல ஒண்ணுன்னு எழுதினா, காய்ச்சக்காரரு எதைப் படிப்பாரு?"

அவர் கைப்பையிலிருந்து ஒரு வெற்று மருந்துக் கவரை எடுத்தார். என் பேனாவையே வாங்கினார். எழுதினார். அதை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். கேளுங்கள்.

"மேற்குக் கட்டடம், பெண்கள் கழிப்பறை, நான்கு கதவு. மூன்று மாதமாகத் தாழ்ப்பாள் இல்லை. மரம் உளுத்துவிட்டது, திருகாணி நிற்காது. பிள்ளைகள் பயந்து தண்ணீர் குடிப்பதில்லை. என் மகளுக்குச் சிறுநீர்த் தொற்று, பன்னிரண்டு நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை. நான்கு புதுக் கதவு வேண்டும். வகுப்பாசிரியையிடமும் தலைமையாசிரியையிடமும் சொல்லிவிட்டேன். அவர்கள் நல்லவர்கள், இது அவர்கள் கையில் இல்லை."

அவ்வளவுதான். மை காயும் முன்பே முடிந்துவிட்டது. அதில் அடைமொழி உண்டா? எதுகை உண்டா? ஆனால் எது, எங்கே, எத்தனை நாளாக, யாருக்கு என்ன ஆயிற்று, என்ன வேண்டும், இதுவரை யாரிடம் சொன்னேன் என்று படிப்பவர் கேட்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் அதில் பதில் இருந்தது. நல்லவர்களை நல்லவர்கள் என்று சொல்லவும் அதில் இடம் இருந்தது. ஒரு வரிதான், ஆனால் உண்மையான வரி. என் ஒன்றரைப் பக்கத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.

கையெழுத்துப் போடும் இடத்தில் நான் குறுக்கிட்டேன். பெயர் போடாதீர்கள் அம்மா, ஒரு நலம்விரும்பி என்று போடுங்கள், பிள்ளைக்குப் பின்னால் தொல்லை வரக்கூடாது என்றேன். பயம் எனக்கு. அவருக்கும் இருந்தது, பேனா ஒரு நிமிடம் காகிதத்தின் மேலேயே நின்றது. பேரில்லாத கவரை யாரும் வாங்கிப் போக மாட்டார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பெயர், மகளின் வகுப்பு, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுதினார். சாலையைக் கடந்து, படியேறி, அதைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

தலைவர் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். சுருக்கமாக என்று எழுதியிருக்கிறது. ஐயா, இந்தச் சீட்டை எனக்கு இருபத்தாறு ஆண்டுக்கு முன்னால் யாராவது அனுப்பியிருக்கக் கூடாதா?

இனி நடந்ததைக் கேளுங்கள். முத்திரை அம்மா அந்தக் கவரைப் படித்தார். சிவப்பு முத்திரை குத்தினார். எண் போட்ட ரசீதைக் கொடுத்து, இந்த எண்ணைச் சொல்லி எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். அத்தோடு அவர் கடமை முடிந்தது. சட்டப்படி முடிந்தது. ஆனால் அக்கா படியிறங்கிய பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் தட்டியது. மூன்று மாதமாக இருநூறு பிள்ளைகளுக்கு இப்படி என்றால், வேறு ஒரு தாய்கூடவா சொல்லவில்லை? எழுந்து போய், கேடயம் வாங்கிக் கொடுத்த அந்தப் பாராட்டுக் கட்டைப் பிரித்தார். இருபத்து மூன்று கடிதம். ஒவ்வொன்றையும் இந்த முறை கடைசி வரி வரை படித்தார். பதினான்கு கடிதங்களின் கடைசி வரியில் அந்த நான்கு கதவுகள் இருந்தன.

அவர் நினைத்திருந்தால் கட்டை மறுபடி கட்டியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? விதிப்படி நடந்தேன் என்று சொன்னால் கேள்வி கேட்பார் உண்டா? அவர் பதினான்கையும் எடுத்துக்கொண்டு போய் இதோ இந்த அலுவலர் அவர்களின் மேசை மேல் வைத்தார். அவர் சொன்னதை அலுவலர் என்னிடம் சொன்னார். இருவர் அனுமதியோடும் சொல்கிறேன். "சார், பதினாலு பேரு சொல்லியிருக்காங்க. நான்தான் பாதி படிச்சிட்டு முத்திரை குத்திட்டேன்." தன் தவறைத் தானே தூக்கிக்கொண்டு மாடியேறிப் போகும் மனிதர்களை நீங்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்? நான் ஒருவரைப் பார்த்துவிட்டேன். அதோ, இரண்டாம் வரிசையில் முகத்தைக் கைக்குட்டையால் மறைத்துக்கொள்கிறார். மறைக்காதீர்கள் அம்மா. பாதித் தவறு விதியுடையது, மீதித் தவறு என்னுடையது. உங்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை.

அலுவலர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பதினான்கு கடிதங்களையும் உட்கார்ந்து படித்தார். என் பதினொன்றையும் முழுதாகப் படித்தார் என்றால் அந்தப் பொறுமைக்கே ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும். அன்றைக்கே மரவேலைப் பிரிவுக்கு உத்தரவு அனுப்பினார். முதல் பத்தியை வைத்துப் பிரிக்கும் விதியை அடித்துவிட்டு, கடைசி வரி வரை என்று தன் கையால் எழுதினார். அதோடு, பாராட்டுக்கு ஒரு தாள், குறைக்கு ஒரு தாள், இரண்டும் தனித்தனி என்று புதிய படிவம் வந்ததும் அதற்குப் பிறகுதான். உங்கள் நாற்காலிகளில் வைத்திருக்கிறோமே, அதுதான். ஓரிரு தாய்மார்கள் அதை விசிறியாக்கிக்கொண்டதைப் பார்த்தேன். பரவாயில்லை, விசிறி முடித்ததும் எழுதுங்கள்.

நான்காம் நாள், சனிக்கிழமை, தச்சர் வந்தார். வெறுமனே அளவெடுத்து அடித்துவிட்டுப் போனாரா? இல்லை. விளையாட்டுப் பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளைகளில் ஆகக் குட்டையான ஒருத்தியைக் கூப்பிட்டு, கையை நீட்டச் சொல்லி, அந்தக் கை எட்டும் உயரத்தில் கோடு போட்டுத் தாழ்ப்பாள் வைத்தார். கதவின் உட்புறம் பை மாட்டுவதற்கு ஒரு கொக்கியும் வைத்தார். கொக்கி வேண்டும் என்று எந்தக் கடிதத்திலும் இல்லை. யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளை பள்ளிக்கு வந்தாள். வந்தாள் என்று நான் எளிதாகச் சொல்லிவிட்டேன். அதற்கு முந்தின நாள் வகுப்பாசிரியை வீட்டுக்கே போய், நான்கு கதவும் போட்டாயிற்று, வந்து நீயே பூட்டிப் பார் என்று சொல்லிவிட்டு வந்தார். பிள்ளை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மேற்குக் கட்டடத்துக்குப் போனாள். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு, நீ வேலைக்குப் போம்மா என்று தாயை அனுப்பிவைத்தாள். அடுத்த மாதத்தில் வீட்டோடு நின்றுவிட்ட அந்த இரண்டு பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள்.

இதோடு முடித்துக்கொள்ளலாம். நம்மில் பலரும் இங்கேதான் முடித்துக்கொள்வோம். அழுத பிள்ளைக்குப் பால் கிடைத்துவிட்டது, அப்புறம் என்ன? ஆனால் மருந்துக்கடை அக்கா இன்னொரு கவர் எடுத்தார். இந்த முறை என் மேசைக்கே வரவில்லை. எனக்கு அங்கே என்ன வேலை? தானே எழுதினார். கதவுகள் நன்றாக இருக்கின்றன, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தாழ்ப்பாள் எட்டுகிறது, கொக்கி யாரும் கேட்காமல் தச்சர் தானாக வைத்தது, அதை என் மகள்தான் சொன்னாள், அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள் என்று எழுதியிருந்தார். முத்திரை அம்மா பச்சை முத்திரை குத்தினார். குத்திவிட்டு அதைக் கட்டில் சேர்க்கவில்லை. மரவேலைப் பிரிவுக்கு எடுத்துப் போய்த் தச்சர் கையில் கொடுத்தார்.

அவர் மரத்தூளைத் தட்டிவிட்டு, நின்றபடியே படித்தாராம். இரண்டாம் முறை படிப்பதற்கு உட்கார்ந்தாராம். பிறகு சொன்னாராம்: "கதவு சரியில்லைன்னாதான் என்னைத் தேடுவாங்க. நல்லா இருக்குன்னு சொல்ல இதுவரைக்கும் யாரும் தேடினதில்ல."

தாய்மார்களே, தந்தையரே, பாராட்டு என்றால் அதுதான். நான் இருபத்தாறு ஆண்டாக எழுதியது பாராட்டு இல்லை, பயம். பயத்துக்குப் பட்டுச் சட்டை போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். பயந்து புகழ்ந்தால் புகழப்பட்டவருக்கும் பயனில்லை, புகழ்ந்தவருக்கும் பயனில்லை. தச்சர் கொக்கி வைத்தார் என்று சொன்னால் அடுத்த பள்ளியிலும் கொக்கி வைப்பார். வைத்தார், அதை நான் விசாரித்தேன். கணக்கு ஆசிரியர் மாலையில் கால்மணி நேரம் கூட இருந்து சொல்லிக் கொடுத்தாரா? அந்தக் கால்மணி நேரத்தை எழுதுங்கள். பேருந்து ஓட்டுநர் ஓடிவந்த பிள்ளைக்காக வண்டியை நிறுத்தினாரா? நிறுத்திய நாளை எழுதுங்கள். குறை இருந்தால் குறையை எழுதுங்கள். முதலில் வகுப்பாசிரியை, அங்கே தீராவிட்டால் தலைமையாசிரியை, அங்கேயும் தீராவிட்டால் அலுவலகம். பெயர் போட்டு எழுதுங்கள். குறை சொல்வது பகை இல்லை. பள்ளி நம்முடையது என்று நினைப்பவன்தான் கதவைத் தட்டுவான். அடுத்தவன் வீடு என்று நினைப்பவன் வாசலிலேயே வாழ்த்திவிட்டுப் போவான்.

எனக்கு இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது என்று தலைவர் விரலைக் காட்டுகிறார். அந்த எட்டு நிமிடத்தில் நான் பேசப்போவதில்லை. கேளுங்கள், தலைவரும் அலுவலரும் தலைமையாசிரியையும் ஒரே மேடையில் நமக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் நாள் அடிக்கடி வராது. உங்களில் யாருக்காவது சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்று இருந்தால் இப்போது சொல்லுங்கள். நல்லதோ, குறையோ. நான் காத்திருக்கிறேன்.

யாரும் இல்லையா?

காத்திருக்கிறேன். எனக்குச் சும்மா நிற்பது பழக்கமில்லை, இருந்தாலும் நிற்கிறேன்.

அதோ, கடைசி வரிசையில் சீருடையோடு ஒருவர் எழுந்திருக்கிறார். பேருந்து ஓட்டுநரா ஐயா நீங்கள்? வாருங்கள். வர வேண்டாமா? சரி, அங்கிருந்தே சொல்லுங்கள். அவசரம் இல்லை. அவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள், அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. எல்லோரும் மேடையைப் பாருங்கள். சொல்லுங்கள் ஐயா.

ஐயா சொன்னது முன்வரிசைக்குக் கேட்டிருக்காது. நான் திருப்பிச் சொல்கிறேன். ஒரு சொல்லும் கூட்டாமல் சொல்கிறேன்.

"என் பொண்ணு ஆறாம் வகுப்பு. அவளுக்கு வலது காது கேக்காது. நாங்க யார்கிட்டயும் சொல்லல. கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கா. டீச்சர் ரொம்ப நல்லா பாடம் நடத்தறாங்கன்னு மத்த பிள்ளைங்க சொல்றாங்க. அது என் பொண்ணுக்கும் கேக்கணும்."

ஆசிரியர்கள் வரிசையில் ஓர் அம்மா எழுந்து நிற்கிறார்கள். நீங்கள்தான் வகுப்பாசிரியையா? உங்களுக்குத் தெரியாதா? தெரியாது என்று தலையசைக்கிறார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள் அம்மா, உங்கள் மேல் யாருக்கும் குறையில்லை. என்ன சொல்கிறீர்கள்? நாளை முதல் வரிசை, இடது காது தன் பக்கம் இருக்கும்படி வலது ஓரம் என்கிறார்கள். ஐயா, கேட்டதா? அலுவலர் அவர்கள் எழுதிக்கொள்கிறார். கேட்கும் கருவிக்கு வழியுண்டாம், பிள்ளையின் வகுப்பையும் உங்கள் எண்ணையும் குறித்துக் கொடுங்கள் என்கிறார்.

இனி இந்த மேடையில் எனக்கு வேலையில்லை. இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. எழுந்து நின்ற அந்தத் தந்தைக்கு என் வணக்கம். அம்மா, மூன்றாம் வரிசையில் நீங்கள் பாதி தூக்கிய கையை இறக்கிவிட்டீர்களே, எழுந்திருங்கள். நாங்கள் கேட்கிறோம், சொல்லுங்கள்.